வீட்டோடு மாப்பிள்ளையும் இருபத்து நான்கு வால்களும்

ஏப்ரல் 27

துறையூர் வாழ் பெருமக்கள் அனைவரும் திடுக்கிட வேண்டிய செய்தி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ராணி ஸ்டிக்கர்ஸ் கடையின் கம்ப்யூட்டர், இன்று காலை டீ வருவதற்குச் சற்று முன்பு, ஒரு ஃபைலைத் திறக்க மறுத்துவிட்டது. பஸ்கள் வழக்கம்போல ஓடின. பூக்கடையில் கூட்டம் குறையவில்லை. கடையின் தற்காலிக ஊழியரும் ப்ளஸ் ஒன் முடித்தவருமான மதியழகன், அதாவது அடியேன், எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினேன். அம்மா முறைத்ததால் அரை நிமிடத்தில் முடித்துக்கொள்ளப்பட்டது.

லீவில் நான் ஏன் கடையில் இருக்கிறேன் என்பதை வரலாறு கேட்கும். பி.டி. சாருடைய பைக்கின் பின்னால் சிவப்பு ‘எல்’ போர்டு ஸ்டிக்கர் ஒட்டியவன் யார் என்பது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வெட்டிய மெஷின் எங்கள் மெஷின். ஒரு வாரம் அந்த மனிதர் அதோடு ஊர் சுற்றியிருக்கிறார். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் சிரித்ததைப் பார்த்து, ஊரில் நமக்கு இவ்வளவு நல்ல பெயரா என்று நினைத்தாராம். எனவே லீவு முழுக்க அம்மாவின் கண் பார்வையில் வேலை என்று தீர்ப்பு.

ஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பஸ். மே மாதம் ஆர்.டி.ஓ. ஆய்வு. அதற்குள் எல்லா பஸ்ஸிலும் பெயர், லோகோ, ரூட் நம்பர், முன்னாலும் பின்னாலும் ‘பள்ளி வாகனம்’ என்று புதிதாக ஒட்டியாக வேண்டும். வருஷா வருஷம் அம்மாதான் ஒட்டுவாள். இந்த வருஷம் டிசைன் புது சாஃப்ட்வேரில் வந்திருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது பழசு.

அம்மா மேனேஜர் தண்டாயுதபாணிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் தெரு வரை கேட்டது.

“சென்னையில யாரோ பண்ணிக் குடுத்தது ராணியம்மா. எனக்கு வெர்ஷனும் தெரியாது, டென்ஷனும் வேணாம். எதிர்க்கடையில திறக்குதாம். பத்தாம் தேதிக்குள்ள ஒட்டி முடிச்சா உங்களுக்கு. இல்லேன்னா அவங்களுக்கு.”

ஏப்ரல் 28

புது சாஃப்ட்வேரை இறக்கிப் பார்த்தேன். ‘இதற்குப் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும்’ என்றது. புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிப் பார்த்தேன். எங்கள் கம்ப்யூட்டரை மேலும் கீழும் அளந்துவிட்டு, ‘இந்தக் கணினி தகுதி பெறவில்லை’ என்றது. பெண் பார்க்க வந்து பஜ்ஜியும் தின்றுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்கிற ஜாதி. பத்துப் பொருத்தத்தில் ஒன்றும் இல்லையாம். ஏதோ பாதுகாப்பு சில்லு இல்லையாம். வயசு அதிகமாம்.

சரி, எப்படியாவது திணித்துவிடலாம் என்றால் அதிலும் வம்பு. எங்கள் கட்டிங் மெஷின் கம்ப்யூட்டரைவிட மூத்தது. புது சிஸ்டம் போட்டால் மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேர், அதாவது டிரைவர், கிடையாது. வேலை நிறுத்தம்தான்.

ராத்திரி சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். தட்டிலிருந்து தலை நிமிராமல், “டிரைவர் இல்லையாமா? இங்க ஒருத்தன் முப்பது வருஷமா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். கூப்பிடச் சொல்லு” என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. “இந்த வேலையும் எதிர்க்கடைக்குப் போச்சுன்னா மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்” என்றாள். ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

ரசத்துக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 29

கண்டுபிடித்துவிட்டேன்! நானே! தன்னந்தனியாக! (இணையத்தில் பதினோரு வீடியோ பார்த்து.)

வர்ச்சுவல் மெஷின். தமிழில் மெய்நிகர் இயந்திரம். மெய் மாதிரியே இருக்கும், ஆனால் மெய் இல்லை. என் அரையாண்டு ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து இருந்ததே, அந்த மாதிரி. பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு சாஃப்ட்வேர் பெட்டி. பெட்டிக்குள் புது சிஸ்டம். தான் ஒரு தனிக் கம்ப்யூட்டரில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். இல்லாத பாதுகாப்பு சில்லை இருப்பதாகப் பெட்டி சொல்லிவிடும். வெளியே பழைய சிஸ்டம் அப்படியே இருக்கும், கட்டிங் மெஷினோடு பேசிக்கொண்டு.

அம்மாவுக்கு விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு” என்றாள்.

அதேதான். மாமனார் வீட்டுக்குள் ஓர் அறை. அது தன் சொந்த பங்களா என்று மாப்பிள்ளைக்கு நினைப்பு. சாப்பாடு, கரண்டு எல்லாம் மாமனார் தலையில்.

“வந்து உருப்படியா வேலை செய்வாரா, இல்ல படுத்துக் கெடப்பாரா?”

“செய்வார்மா.”

“உங்கப்பாவும் இப்படித்தான் எங்கப்பாகிட்ட சொன்னாரு.”

ஏப்ரல் 30

கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. பூட்டு ஆகிவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

மே 1

உழைப்பாளர் தினத்தில் உழைத்தவன் நான் ஒருவன்தான்.

நேற்று நடந்தது இது. மாப்பிள்ளையை அழைப்பதற்கு முன் மாமனாரின் சம்மதம் வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே ஒரு பட்டனை அழுத்தினால் நீல நிறத்தில் அதன் ஆழ்மனசு திறக்கும். அதில் ‘வர்ச்சுவலைசேஷன்’ என்பதை ஆன் செய்ய வேண்டும். செய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் இருந்த இன்னும் சில விஷயங்களும் அழகாக இருந்ததால் அவற்றையும் மாற்றினேன். அதன்பின் திரை கறுப்பு. மெஷின் இல்லை, கடை இல்லை, பழைய ஆர்டர்கள் இல்லை. உலகத்தில் மிச்சமிருந்தது நானும் ஒரு மின்விசிறிச் சத்தமும்.

அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை மூடியைக் கழற்றி, உள்ளே காசு அளவில் இருக்கும் பேட்டரியைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டேன். தான் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதையே கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. பூட் ஆனது! இந்த முறை ஒன்றை மட்டும் மாற்றினேன். மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தலை திருப்பிப் பார்க்கவில்லை. ஷட்டரை நானே முழுசாகத் தூக்கினேன்.

மே 2

புதுப் பிரச்சினை: ராம். நினைவகத்துக்கு இங்கிலீஷில் ராம் என்று யார் பெயர் வைத்தார்களோ, வனவாசம் உறுதி. இருப்பது நாலு ஜி.பி. மாப்பிள்ளை தனியாகவே நாலு கேட்கிறார். ராமைப் பாதியாக வெட்டினால் இரண்டு பேருக்கும் பட்டினி.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூலையில் ஒரு செத்த கம்ப்யூட்டர் கிடக்கிறது. ராம் அதில் இருக்கும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பது நிலோஃபர். என் வகுப்புதான். அவள் அண்ணன் கடை. போன மாதம் அவர்கள் கண்ணாடியில் ‘இங்கு ஜெராக்ஸ் எடுக்கப்படும்’ என்பதில் ஜெராக்ஸ் மேல் யாரோ ஒரு கலைஞன் ‘பேன்’ என்று ஒட்டிவிட்டான். இரண்டு பாட்டிகள் தலையைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்களாம்.

“வாங்க கலைஞரே” என்றாள் நிலோஃபர்.

“ஒரு ராம் வேணும்.”

“ராம் வேணுமா? எங்க கடைக்கு வந்து கேக்கறியே, உனக்கே தமாஷா இல்ல?”

“உன் பழைய டப்பாவுல இருக்கற ராமைக் கேக்கறேன்.”

“முதல்ல கண்ணாடியில இருக்கற பேனை எடு.”

எடுத்தேன். நகம் வலிக்க, சோப்புத் தண்ணி போட்டு, அவள் சுண்டல் தின்றுகொண்டே மேற்பார்வை பார்க்க. “அங்க ஈரு இருக்கு பாரு” என்று மிச்சமிருந்த பசையைக் காட்டினாள். ஒப்புக்கொள்கிறேன், நல்ல நகைச்சுவை.

ராம் பொருந்தியது. இப்போது எட்டு ஜி.பி. ஆளுக்குப் பாதி.

மே 4

மாப்பிள்ளை வந்துவிட்டார்!

நேற்று முழுக்க இன்ஸ்டால் ஆனது. இன்று மத்தியானம் முதல் முறையாகக் கண் திறந்தார். ஜன்னலுக்குள் ஜன்னல். பழைய திரைக்கு நடுவில் புத்தம் புது நீலத் திரை, புதுத் துணி வாசனை அடிக்காத குறை. நான் கடைக்குள்ளேயே ஓடினேன். கடை பத்தடி என்பதால் உடனே சுவர் வந்துவிட்டது.

எழுந்திருக்கத்தான் நேரம் ஆகிறது. அம்மா நேற்றிலிருந்தே கடைக்குள் வரும்போதெல்லாம், “மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?” என்று மரியாதையாகக் கேட்கிறாள். “பல் தேய்க்கிறார்மா” என்கிறேன். “இவரு டிபனுக்கு உக்கார்றதுக்குள்ள நான் மத்தியான சோறே வடிச்சிடுவேன்.”

ஆனாலும் அந்தச் சின்னத் திரையை அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். சாவி இடுப்பில் இருந்தது. கையில் இல்லை.

மே 5

ஃபைல் திறந்தது. திறந்தது. திறந்தது. மூன்று முறை எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

லோகோ, பெயர், ரூட் நம்பர் எல்லாம் அம்சமாக இருந்தன. மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் நடுவில் ஒரு பொது ஃபோல்டர் வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் மாதிரி. மாப்பிள்ளை டிசைனை வெட்டும் கோடுகளாக மாற்றி ஜன்னலில் வைப்பார். மாமனார் எடுத்து மெஷினுக்குக் கொடுப்பார். இதைத் தாண்டி என்ன தொழில்நுட்பம் இருக்கிறது? நான் ஒரு மேதை என்பதைச் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல நாள் வராது.

நிலோஃபரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டுவதற்கு முன்பு ஒரு சின்ன அலங்காரம் செய்தேன். ‘பள்ளி வாகனம்’ என்பதில் ப-வைப் பு ஆக்கினேன். ‘புள்ளி வாகனம்’. ஊரின் பெரிய புள்ளிகள் எல்லாம் டிபன் பாக்ஸோடு ஏறுகிற வண்டி!

நிலோஃபர் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏறினா பெரும்புள்ளி, இறங்கினா கரும்புள்ளி” என்று அவள் பங்குக்குச் சொன்னாள். அந்த மகிழ்ச்சியிலேயே மாப்பிள்ளையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். ஸ்னாப்ஷாட் என்பது போட்டோ இல்லை, அதற்கும் மேலே. நாளைக்கு மாப்பிள்ளைக்கு என்ன ஆனாலும், அந்த நொடியில் எப்படி இருந்தாரோ அப்படியே திரும்பி வருவார். போட்ட சட்டை உட்பட.

பிறகு நல்ல பிள்ளையாக ‘பு’வை ‘ப’ ஆக்கி சேவ் செய்தேன்.

மே 7

காலையில் மாப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. நடு ராத்திரியில் யாரையும் கேட்காமல் அப்டேட் சாப்பிட்டிருக்கிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் தண்டாயுதபாணி பைக்கில் வந்து வாசலில் கால் ஊன்றி நின்றார். “என்ன ராணியம்மா, வெட்டியாச்சா? வெட்டியா இருக்கீங்களா?” என்றார். சிலேடை என் ஏரியா. எனக்குக் கோபம் வந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு வெட்டிடுவோம் சார்” என்றேன், என் குரல் எனக்கே பெரிய மனுஷன் குரலாகக் கேட்டது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு என்று ஒரே ஒரு கிளிக். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை நோய் நொடி இல்லாமல், நேற்று முன்தினம் போட்டிருந்த அதே சட்டையோடு எழுந்து வந்தார். ஃபைல் திரையிலேயே இருந்தது. அப்படியே கோடுகளாக மாற்றி, ஜன்னல் வழியே மாமனாரிடம் தள்ளினேன். கட்டிங் மெஷின் ஒரு கனைப்பு கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. கர்ர்க், கர்ர்க், ட்டிக். உலகத்திலேயே இனிமையான சங்கீதம். நான் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பையன் என்ன படிக்கிறான்?”

“படிக்கிறான்” என்றாள் அம்மா.

மே 8

நாள் முழுக்க உரித்தல். வெட்டிய ஸ்டிக்கரில் எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை உரித்தெடுக்க வேண்டும். பெயர், லோகோ எல்லாம் அம்மா. முன்னால் பின்னால் ஒட்டும் சின்ன எழுத்து இருபத்து நான்கும் நான். பதினைந்தாவதுக்கு மேல் எழுத்தே தெரியாது, மூலை முடுக்குதான் தெரியும். மேலே டேப்பை ஒட்டிச் சுருட்டி வைத்துவிட்டேன்.

“படிச்சுப் பாத்தியா?” என்றாள் அம்மா.

“லீவுல கூட படிக்கணுமாம்மா?”

மே 9

பள்ளிக்கூட மைதானத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பன்னிரண்டு பஸ். அப்பா லீவு போட்டு வந்து, இரண்டு பஸ்ஸை நிழலுக்கு நகர்த்திக் கொடுத்தார். “டிரைவர் கிடைச்சாச்சுன்னு உன் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடு” என்றார்.

நானும் அப்பாவும் பக்கவாட்டுப் பெயர்களை ஒட்டினோம். முதல் பஸ்ஸின் முன்னால் ஒரு சுருளைப் பிரித்த அம்மா, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, “முன்னாடி பின்னாடி எழுத்தை நானே பாத்துக்கறேன். நீ இந்தப் பக்கம் வராத, அங்கயே ஒட்டு” என்றாள். என் வேலையில் அவ்வளவு திருப்தி போலிருக்கிறது. “சின்ன பிளேடு எங்க வெச்ச?” என்று மட்டும் கேட்டாள்.

நான் வேலைக்கு நடுவே பள்ளிக்கூட டிரைவர்களுக்கு மெய்நிகர் இயந்திரம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர், “தம்பி, அது கடிக்குமா?” என்றார்.

சாயங்காலம் பார்த்தால் அம்மாவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்புக் கறுப்பாகச் சின்னக் கோடுகள் ஒட்டியிருந்தன.

“என்னம்மா இது?”

“கழிவு.”

மே 11

வெற்றி! வெற்றி! வெற்றி!

ஆய்வு முடிந்தது. பன்னிரண்டும் பாஸ். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து வந்தவர் ஒவ்வொரு பஸ்ஸாக நின்று எழுத்தைப் படித்து டிக் அடித்தார். மேனேஜர் அம்மாவிடம் வந்து, அடுத்த வருஷமும் நீங்கதான், பள்ளிக்கூட போர்டு மொத்தமும் நீங்கதான் என்றார். எதிர்க்கடை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், “மாசக் கடைசியில ஷட்டருக்கு எண்ணெய் போடணும். தெனம் தூக்கறதுக்குச் சிரமமா இருக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா இன்னொரு தோசை கேட்டார்.

என் பெருமையை நானே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? சாகக் கிடந்த கம்ப்யூட்டருக்குள் புது உயிர் புகுத்தியவன் நான். பூட்டைத் திறந்தவன் நான். மாப்பிள்ளையை மீட்டவன் நான். ஒரு எழுத்து பிசகாமல் இருபத்து நான்கையும் உரித்தவன் நான். காலையில் கிளம்பும்போது அம்மாகூட என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கொஞ்சம் கீழே தள்ளித்தான் விழுந்தது, பாசம் இடம் பார்ப்பதில்லை. மைதானத்தில் நான் போகிற இடமெல்லாம் எனக்குப் பின்னால் சிரித்த முகங்கள். டிரைவர்கள், ஆயாக்கள், டிக் அடித்தவர் உட்பட. புகழ் என்பது இப்படித்தான் இருக்கும் போல. என் புதுச் சாம்பல் பேண்டில் நான் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.

மே 12

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழித்தால் நேற்றைய பக்கமும் சேர்ந்து வருகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

காலையில் நிலோஃபரிடம் பெருமை அடிக்க மாப்பிள்ளையை எழுப்பினேன். நான் வெட்டக் கொடுத்த ஃபைல் திறந்தது.

‘புள்ளி வாகனம்.’

ஸ்னாப்ஷாட் எடுத்தபோது திரையில் இருந்தது அந்த அலங்காரம். திருத்தியது அதற்கு அப்புறம். மாப்பிள்ளையைத் திரும்ப அழைத்தபோது அந்தச் சட்டையோடு, அந்தப் புள்ளியோடுதான் வந்திருக்கிறார். இருபத்து நான்கும் புள்ளியாகத்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. நான் உட்கார்ந்து இருபத்து நான்கு புள்ளியையும் பொறுப்பாக உரித்திருக்கிறேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பள்ளிக்கூட வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ‘பள்ளி வாகனம்’. அடுத்தது, பள்ளி. அதற்கடுத்தது, பள்ளி. கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன். முதல் எழுத்தின் அடியில், கீழே இறங்க வேண்டிய கோடு பிளேடால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது. தொட்டால்கூடத் தெரியாத வெட்டு.

திரும்பி வந்தபோது அம்மா கடையில் இருந்தாள். மானிட்டரின் மேல் விளிம்பில் கறுப்பாகச் சின்னக் கோடுகள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. எண்ணினேன். இருபத்து மூன்று.

“அம்மா...”

“மாப்பிள்ளைக்கு வால் இருந்துச்சு” என்றாள் அவள், ஒரு நம்பர் பிளேட்டை உரித்துக்கொண்டே. “ஒட்ட நறுக்கிட்டேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ திரும்பவும் மாப்பிள்ளையை எழுப்பி, அவரு பல் தேச்சு, திரும்ப வெட்டி... பத்தாம் தேதி போயிடும். பிளேடு உடனே எந்திரிக்கும்.”

சும்மா நிற்கக் கூடாதே என்று, “ஒண்ணு குறையுதும்மா. இருபத்து நாலு இருக்கணும்” என்றேன்.

வாசலில் நிலோஃபர் தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். நேற்று நான் கடையிலிருந்து கிளம்பியபோது எடுத்த படம். என் புதுச் சாம்பல் பேண்ட். அதன் பின்பக்கம், சரியாக நடு மத்தியில், கன்னங்கரேலென்று ஒரு வால்.

அதோடுதான் மைதானம் முழுக்க நடந்திருக்கிறேன். மெதுவாக.

“எல் போர்டு வெட்ட நேரமில்ல” என்றாள் அம்மா. “வால்தான் கையில இருந்துச்சு.”

ஆகவே நேற்றைய பக்கத்தில் ‘நான்’ என்று எழுதிய இடங்களில் எல்லாம் ‘அம்மா’ என்று திருத்தி வாசிக்கவும். பேட்டரி பிடுங்கியது மட்டும் நான்தான். அதைப் பிடுங்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்ததும் நான்தான்.

பேண்டிலிருந்து வாலை உரித்து, மானிட்டரில் இருபத்து நான்காவதாக ஒட்டியிருக்கிறேன். சாயங்காலம் பி.டி. சார் வீட்டுக்குப் போக வேண்டும். பைக்கில் அந்த எல்-லின் பசை இன்னும் இருக்கிறதாம். சோப்புத் தண்ணியும் பழைய துணியும் எடுத்து வைத்துவிட்டேன்.